தகப்பனால் முடியாமற்போனது



நம் தகப்பன்மாருக்காகவும் தாத்தாமாருக்காகவும் நாம் நடத்துகிற நினைவு ஆராதனைகளைக் குறித்து இவ்வாரம் சற்று வெளிப்படையாக எழுத விரும்புகிறேன். ஊழியத்தின் ஆண்டுகளில் எத்தனையோ அடக்க ஆராதனைகளையும் நினைவு ஆராதனைகளையும் நடத்தியிருக்கிறேன். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கடினமாக உழைத்தார், ஜெபிக்கிறவராயிருந்தார், பிள்ளைகளை ஆளாக்கினார், பேரப்பிள்ளைகளைக் கண்டார், தம்முடைய கடமைகளையெல்லாம் நிறைவேற்றி இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வீட்டுப் பெரியவருக்கும் அது அப்படியே பொருந்தும். சொல்லப்பட்டதில் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் அதில் இல்லை.

அவற்றுள் ஒரு சொல் என்னை எப்போதும் நெருடுகிறது. 'கடமைகளையெல்லாம் நிறைவேற்றினார்' என்கிறோமே, அதுதான். எந்தத் தகப்பன் எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டுப் போகிறான்? பன்னிரண்டு குமாரரின் தகப்பனாகிய யாக்கோபு, நூற்றுமுப்பது வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றபோது, தன் நாட்கள் கொஞ்சமும் துன்பமுமாயிருந்தன என்றே சொன்னான் (ஆதியாகமம் 47). தன் பிதாக்களின் ஆயுசுக்குத் தான் எட்டவில்லை என்றும் சொன்னான். நம்மிடம் விட்டிருந்தால் அவனுக்கு வேறு விதமாகச் சுவரொட்டி அச்சடித்திருப்போம்.

இதை யோசிக்கும்போதெல்லாம், நம்முடைய பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், திண்டிவனத்தில் ஊழியம் செய்த ஒரு தகப்பன் என் நினைவுக்கு வருகிறார். அவர் பெயர் ஜான் ஸ்கடர். அந்தப் பெயரைக் கேட்டவுடன் நீங்கள் நினைப்பது அநேகமாக அவருடைய தகப்பனாரை. அவர் பெயரும் ஜான் ஸ்கடரே. அமெரிக்காவில் மருத்துவராயிருந்து, 1819-இல் பாஸ்டன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்னும் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் பின்னர் சென்னையிலும் ஊழியம் செய்தவர். வந்த வழியிலேயே தம் சிறு மகளைக் கல்கத்தாவில் அடக்கம் செய்தவர். அவருடைய குமாரர் எழுவரும் இந்தியாவில் மிஷனரிகளாயினர். அவர்களுள் மூத்தவர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவருடைய பேத்தியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை ஸ்தாபித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அவர்தாம். நம் சபையிலும் அந்த ஆஸ்பத்திரிக்குச் சென்றுவராத குடும்பங்கள் குறைவு.

இந்தப் பெரிய தாத்தாவுக்கும் பெரிய பேத்திக்கும் நடுவிலே இருக்கிறவர்தான் நான் சொல்லுகிற இரண்டாம் ஜான். எழுவரில் இளையவர். 1835-இல் பிறந்து, 1861-இல் மிஷனரியாக வந்து, நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இந்த மண்ணில் உழைத்தவர். போதகரும் மருத்துவருமாயிருந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை அவர் குடும்பம் நேரில் கண்டது. பசியால் கை தூக்கவும் பலமற்ற பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டு வைத்த சிறுமியாகத்தான் ஐடாவை அந்நாட்களில் பார்க்கிறோம். ஆனாலும் இன்று அவரைக் குறித்துச் சொல்வது என்ன? 'ஐடாவின் தகப்பனார்' என்ற ஒரு வார்த்தை.

அந்த வீட்டின் கதையில் நாம் வசதியாகக் கடந்துபோகிற பகுதி ஒன்றுண்டு. பஞ்சத்திற்குப் பின் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தகப்பனார் மாத்திரம் இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு தாயும் அவரிடம் வந்துவிட்டார். ஒரே மகளாகிய ஐடா சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாய் புறப்பட்ட இரவு அவருடைய தலையணையில் முகம் புதைத்து அந்தப் பிள்ளை அழுததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். வளர்ந்தபின், எதுவாக வேண்டுமானாலும் ஆவேன், மிஷனரியாக மட்டும் ஆகமாட்டேன் என்று அவர் தீர்மானித்திருந்ததில் வியப்பென்ன? தகப்பனின் உழைப்புக்கான விலையில் ஒரு பங்கைப் பிள்ளையும் செலுத்தியிருந்தாள். தாய் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்ததுகூட, உதவி செய்துவிட்டுத் திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான்.

அங்கே நடந்த ஓர் இரவின் சம்பவத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவிமாருக்காக மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, அந்த வீட்டின் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் இந்து. மூவரும் கேட்டது ஐடாவின் உதவியை. தனக்கு ஒன்றும் தெரியாது, என் தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் அவர். அந்நிய ஆண் ஒருவர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இதை நாம் எப்போதும் மகளின் அழைப்பாகவே பிரசங்கிக்கிறோம், அது சரிதான். ஆனால் ஒரு முறை அதே வீட்டில், தகப்பன் இருந்த இடத்திலிருந்து அந்த இரவைப் பாருங்கள். ஐம்பதைக் கடந்தவர். மருத்துவம் கற்றவர். முப்பது ஆண்டுகளாய் இந்த ஜனங்களின் நடுவே இருந்தவர். போக ஆயத்தமாயிருக்கிறார், வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. அவருடைய உழைப்பிலோ பக்தியிலோ குறைவில்லை. இருந்தும் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. மூன்று மரணங்கள் அவர் அறிவுக்கு எட்டும் தூரத்தில் நடந்தன.

அந்த இயலாமையை மகள் கண்ணாரக் கண்டாள். அதுவே, என் கருத்தில், அந்தத் தகப்பன் அவளுக்கு விட்டுச்சென்ற சொத்து. அவர் செய்து முடித்தவற்றைப் பார்த்து அவள் மருத்துவராகவில்லை. அவரால் முடியாமற்போன ஒன்றைப் பார்த்து மருத்துவரானாள். 1899-இல் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனோடு சேர்ந்து உழைத்துக் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். அவ்வாண்டு மே மாதமே தகப்பனார் மரித்தார். தகப்பன் இல்லாத வீட்டில், ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிற்று. 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்ததை நான் விரிக்க வேண்டியதில்லை.

தாவீதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தைக் கட்டத் தன்னால் ஆகாது, அதன் காரணம் இன்னதென்று, அவன் தன் குமாரனிடமும் பின்பு ஜனத்தின் தலைவர் அனைவருக்கும் முன்பாகவும் வாய்திறந்து சொன்னான் (1 நாளாகமம் 22, 28). இரும்பையும் வெண்கலத்தையும் கேதுருமரங்களையும் சேர்த்துவைத்தான். மாதிரியையும் கையில் கொடுத்தான். ஒரு ராஜா தன்னால் முடியாததைச் சபை நடுவே சொன்னது சிறிய காரியமல்ல. அவன் அதை மறைத்திருந்தால் சாலொமோனுக்கு எங்கே தொடங்குவதென்றே தெரிந்திராது.

நம் ஊருக்கு வருவோம். பரங்கிப்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார் என்று சொல்லத்தக்க தெருக்கள் உண்டு. எந்த மதத்தாராயினும் இது பொது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. முதல் வாரத்தில் பிள்ளை அவரிடம் போக அஞ்சுகிறது. பழகும் வேளையில் பெட்டி கட்டியாகிறது. அன்னங்கோயிலிலும் முடசலோடையிலும் கடலுக்குப் போகிறவர்கள் வெளிநாடு போவதில்லை. ஆனால் விடியுமுன் படகேறி, பிள்ளைகள் பள்ளி சென்றபின் கரை சேருகிறார்கள். இந்த மனிதர் மரிக்கையில் 'குடும்பத்துக்காக உழைத்தார்' என்று சொல்லி முடித்துவிட்டால், அவரைப் பிரிந்து வளர்ந்த மகனின் மனத்தில் உள்ளதை அவன் யாரிடம் சொல்வான்? மௌனமாக அவன் அதைச் சுமக்கிறான். சில வேளைகளில் அது கசப்பாகிறது. ஆராதனை முடிந்தபின் சொத்துப் பிரிக்கும் நாளில் வெளியே வருகிறது. அப்போது சமாதானம் பேச என்னை அழைக்கிறீர்கள்.

இறந்தவரின் குறைகளை மேடையேற்றச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். குற்றம் வேறு, இயலாமை வேறு. ஒரு நினைவு ஆராதனையில் பேரன் ஒருவன் எழுந்து, தாத்தா கையெழுத்துப் போட மட்டும் கற்றிருந்தார், வேதத்தை வாசிக்க வேண்டும் என்ற ஆசை கடைசிவரை நிறைவேறவில்லை, அதனால் மாலைதோறும் எங்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் அந்தப் பெரியவரை நாங்கள் எல்லாரும் கண்டோம். அவர் மகன் அதுவரை அழாமல் இருந்தவர்.

ஆகவே இனி நினைவு ஆராதனைக்கு நாள் குறிக்க வருகிற குடும்பத்தாரிடம் ஒரு தாளை எழுதித் தரும்படி கேட்கப்போகிறேன். அவர் செய்த வேலை என்ன, எங்கே, எத்தனை ஆண்டுகள், கருவி எது, கூலி எவ்வளவு, அந்த வேலைக்காக வீட்டார் எதை இழந்தார்கள், அவர் விரும்பியும் செய்ய முடியாமற்போனது எது. பேரப்பிள்ளைகளும் எழுதலாம். பிதாவோடு மனத்தாங்கல் உள்ள பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். எழுந்து பேசத் தயங்குகிறவர்கள் என் கையில் கொடுத்தால் நானே வாசிக்கிறேன். தகப்பன் உயிரோடிருக்கிறவர்கள் அந்தக் கடைசிக் கேள்வியை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். விடுப்பில் வந்திருக்கிறவர்களிடம், பெட்டி கட்டுமுன்.