நெஞ்சுவலிக்கு நடுவே ஒரு கையெழுத்து

மாரடைப்பு வந்தவருக்கு உடனே ஆஸ்பிரின் கொடுப்பது இன்று ஊரறிந்த சங்கதி. 1988 வரை அது அவ்வளவு உறுதிப்பட்ட விஷயமல்ல. 16 நாடுகளின் 417 மருத்துவமனைகளில் 17,187 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஐசிஸ்-2 ஆய்வுதான் கணக்கைக் காட்டியது: ஆஸ்பிரின் கொடுத்தால் முதல் ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள மரணங்கள் 23 சதவீதம் குறைகின்றன, ரத்த உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சேர்த்தால் 42 சதவீதம். அந்த நோயாளிகள் ஆய்வைத் தேடிப் போகவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த மருத்துவமனையில் அது தயாராக இருந்தது. புற்றுநோயாளிக்குக் கிளினிக்கல் டிரையல் பற்றி விசாரிக்கவும் யோசிக்கவும் பெரும்பாலும் அவகாசம் உண்டு. மாரடைப்புக்காரருக்கு நிமிடக் கணக்குதான். அவரிடம் போய் 'தேடிச் சேருங்கள்' என்பது வெறும் உபதேசம். ஆய்வை அவசர சிகிச்சைப் பிரிவிலேயே ஆயத்தமாக வைப்பது மருத்துவமனைகளின் வேலை, அரசின் வேலை.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. அங்கே இதய நோயாளிகளின் விவரங்களைப் பதியும் தேசியப் பதிவேட்டின் மேலேயே 'டேஸ்ட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். அடைத்த ரத்தக்கட்டியை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு ஸ்டென்ட் வைத்தால் கூடுதல் பலன் உண்டா என்பது கேள்வி. உண்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். 7,244 பேரிடம் பார்த்ததில், 30 நாள் மரணத்தில் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. பதிவேடு ஏற்கெனவே இருந்ததால் செலவும் சொற்பம். தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் அடித்தளம் உண்டு. சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் வழியாக இணைத்துப் பார்த்த 'ஸ்டெமி' திட்டத்தில் 2,420 நோயாளிகளின் விவரம் பதிவானது. ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் முடிவு வெளியானது. முன்–பின் ஒப்பீடுதான் அது, குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல. ஆனாலும் அத்தகைய வலைப்பின்னல் இருந்தால் அதன்மேல் ஆய்வை ஏற்றுவது பெரிய காரியமல்ல.

'ஏழை நோயாளி சோதனை எலியா?' என்ற கேள்வி உடனே எழும். எழ வேண்டும். இந்தூரிலும் போபாலிலும் நோயாளிகளிடம் நடந்த மருந்துப் பரிசோதனைகள் பற்றிய புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போன நாடு இது. அதன் பிறகு வந்த 2019ஆம் ஆண்டு விதிகள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையையும் இழப்பீட்டையும் கட்டாயமாக்கியுள்ளன. விதி ஏட்டில் இருந்தால் போதாது என்பதும் உண்மைதான். ஆனால் ஆய்வுக்கு வெளியே இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது இன்னும் பெரிய பிழை. மாரடைப்புக்குப் பின் துடிப்பு தாறுமாறானவர்களுக்கு ஃப்ளெக்கனைடு, என்கனைடு மருந்துகளை நம்பிக் கொடுத்துவந்தார்கள். 1989இல் 'காஸ்ட்' ஆய்வில் இந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவற்றை உட்கொண்டவர்களே அதிகம் இறந்தார்கள். சோதிக்காத வழக்கமும் ஒரு பரிசோதனைதான், கேட்பாரில்லாத பரிசோதனை. வலியில் துடிப்பவர் தரும் சம்மதம் முழுச் சம்மதமா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. முழுமையானது அல்ல என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். 'டேஸ்ட்' ஆய்வில் முதலில் வாய்மொழிச் சம்மதம் வாங்கினார்கள். 24 மணி நேரத்துக்குள் விவரம் கொடுத்து எழுத்தில் உறுதிப்படுத்தினார்கள். நம் அவசரப் பிரிவுகளுக்கும் பத்துப் பக்கப் படிவத்தைவிட அத்தகைய ஏற்பாடே பொருந்தும். இங்கே வீட்டார் உடனிருக்க, தமிழில் சொல்ல வேண்டும்.

தேடுவதற்கான நேரம் ஆபத்து கடந்த பிறகு வருகிறது. 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், எந்த நோய்க்கு எந்த ஊரில் ஆய்வு நடக்கிறது என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். ஆய்வில் சேரச் சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாமா என்று கேளுங்கள். ஆய்வுக்கென்று தனியாகக் கட்டணம் கேட்டால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.