கமரா மாற்றுமுன் லென்ஸ் பையைத் திறவுங்கள்



நல்லூர்க் கோயில் கொடியேற்றம் நெருங்கினால் இளம் படப்பிடிப்பாளர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: “கமரா மாத்தப் போறன், எது நல்லம்?” நாங்கள் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “உங்களிட்ட என்ன லென்ஸ் இருக்கு?”

கமரா சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் நின்று உழைக்கும். அதோடு 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை நாம் எல்லோரும் பட்டறிந்தவர்கள். அதற்கு முன் வாங்கிய லென்ஸை இன்று அந்த விலைக்கு மீண்டும் வாங்க முடியாது. கையிலிருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு கொம்பனிக்குத் தாவ நினைப்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது வரும் கமராக்களில் பெரும்பாலானவை மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாதவை. பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் அவற்றுக்குப் பொருந்தாது என்ற பயம் பலருக்கு உண்டு. கெனனில் அந்தப் பயம் வேண்டாம். கெனன் டிஎஸ்எல்ஆரில் லென்ஸைப் பொருத்தும் வளையத்துக்கும் (மவுண்ட்) சென்சருக்கும் இடையே 44 மில்லிமீற்றர் தூரம். நடுவில் கண்ணாடி ஆட இடம் வேண்டுமே! 2018இல் வந்த கெனன் மிரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 20தான். மிச்சம் 24 மில்லிமீற்றரை நிரப்பும் வெற்று வளையம்தான் அடப்டர். உள்ளே வில்லை எதுவும் இல்லாததால் படத்தின் கூர்மை குறையாது. கெனன் டிஎஸ்எல்ஆரின் ஈஎஃப் லென்ஸ்களின் ஒட்டோ போகஸும் வேலை செய்யும்.

நிக்கோன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது; கமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். நிக்கோனின் எஃப்டிஇசட் அடப்டரில் அந்த மோட்டார் இல்லை. அதனால் நிக்கோனின் மிரர்லெஸ்ஸான இசட் கமராவில் கையால்தான் போகஸ் செய்யவேண்டும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் அது சரிவராது. அப்படிப்பட்ட லென்ஸ்கள் இருந்தால், பாவித்த டி7500 போன்ற மோட்டார் உள்ள டிஎஸ்எல்ஆர் ஒன்றைத் தேடுவது புத்தி.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா வரும்போது கொண்டுவருவார் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அவரிடம் கொம்பனியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். மவுண்டின் பெயரையும் உங்கள் லென்ஸின் முழுப் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அடப்டரையும் சேர்த்தே கேளுங்கள்.

பெரிய சென்சர் உள்ள புல் பிரேம் கமராவில் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மாரிகாலத்தில் சுண்டிக்குளத்துப் பூநாரைகளைத் துரத்துபவர் யோசிக்கவேண்டும். நிக்கோனின் சிறிய சென்சரில் 300 மில்லிமீற்றர் லென்ஸ் 450 அளவுக்கு நெருக்கிக் காட்டும். புல் பிரேமுக்குப் போனால் அந்த நெருக்கம் போய்விடும், பறவை சிறுத்துத் தெரியும். சிறிய சென்சருக்கான கெனனின் ஈஎஃப்-எஸ் லென்ஸை அடப்டர் மூலம் 24 மெகாபிக்ஸல் புல் பிரேம் ஆர் கமராவில் மாட்டினால், கமரா படத்தின் நடுப்பகுதியை மட்டுமே எடுக்கும். மிஞ்சுவது 10 மெகாபிக்ஸலுக்கும் குறைவு. அவ்வளவு காசு கொடுத்து அதற்கா?

இன்னொன்றை மனதார வற்புறுத்துகிறேன். நல்லூர்க் கோயிலுக்குள்ளே படமெடுக்க அனுமதியில்லை. வெளிவீதியில் இரவுத் திருவிழாவை எடுத்துவிட்டு “படம் எல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்கு” என்று கமராவைத்தான் திட்டுகிறோம். ஆனால் குறை லென்ஸில்தான்: கமராவோடு வந்த 18-55 லென்ஸ், 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 உள்ள ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். பலருக்குக் கமராவை மாற்றும் தேவையே அதோடு தீர்ந்துவிடும், செலவும் பல மடங்கு குறையும்.

எதைத் தீர்மானிப்பதற்கும் முன் லென்ஸைக் கழற்றி, அபேர்ச்சரை முழுதாகத் திறந்து, போன் ரோச்சைப் பின்பக்கத்திலிருந்து சரிவாக அடித்துப் பாருங்கள். எங்கள் ஈரக் காற்றிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் தோல் பைக்குள் பூட்டிவைத்த லென்ஸில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரியலாம். அது பூஞ்சணம். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். அது இருந்தால், அந்த லென்ஸை நம்பி அடப்டரோ கமராவோ வாங்காதீர்கள். துப்புரவாக்க என்ன செலவாகும் என்று முதலில் விசாரியுங்கள். சுத்தமாக இருந்தால் இன்றே காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்த லென்ஸையும் உங்கள் மெமரி காட்டையும் கொண்டுபோய், அங்கேயே மாட்டி நாலு படம் எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்