எச்செயலி நற்செயலி?

தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைக்கும் நந்தமிழ்த் தோழர்களே! பிட்காயின் வாங்கச் செயலி தேடுவோர் இன்று நம்முள் பலர். எதைக் கொண்டு தேர்கின்றனர்? மைத்துனன் சொன்னான், சேர்ந்தால் வெகுமதி உண்டு, ஆட்டக்காரர் விளம்பரத்தில் சிரித்தார். இவை காரணங்களா? நல்ல நேரம் பார்க்கும் மூடத்தனமே கைப்பேசிக்குள் புகுந்ததென்போம்.

புகழ் காவலாகுமா? எப்டிஎக்ஸ் செயலியை உலகமே புகழ்ந்தது. சிங்கப்பூரின் தெமாசெக் அந்நிறுவனத்தில் இட்ட 27.5 கோடி அமெரிக்க டாலரையும் நட்டமென எழுதிற்று. 2022 நவம்பரில் எப்டிஎக்ஸ் வீழ்ந்தது. வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிய அதன் தலைவர் 2024-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆதலின் தேரும் முறை யாது? முதலாவது, மலேசியாவில் செக்யூரிட்டீஸ் கமிஷனின் பதிவுப் பட்டியலில் அப்பெயர் உளதா எனக் காண்க. பெரும்பெயர் பெற்ற பைனான்சையே, பதிவின்றி இங்கு இயங்கியதற்காக 2021-இல் அக்கமிஷன் பகிரங்கமாய்க் கண்டித்தது. இரண்டாவது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுக. கட்டணமில்லை என்பாரின் இலாபம் அங்கே ஒளிந்திருக்கக் கூடும். மூன்றாவது, சிறுதொகை இட்டு வங்கிக்குத் திருப்பி எடுத்துப் பார்க்க. பணம் எடுக்கும் முன் இன்னும் கட்டு என்பவன் திருடனே.

பதிவு, விலைவீழ்ச்சியைத் தடுக்காது. மோசடிக்கே ஓரளவு வேலியாகும். சம்பளக் கணக்கில் மாதந்தோறும் சேமநிதிக் கழிவை எழுதும் கிராணிகள் நாம்; அப்பணம் எத்துணை வியர்வை என்பதை அறிவோம். 2024 மே முதல் அதிலொரு பகுதியை எந்நேரமும் எடுக்கலாம். முதுமைச் சோற்றை மைத்துனன் வாய்ச்சொல்லுக்கு ஈவதோ? பட்டியல் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பாராதிருந்துவிட்டுத் தலைவிதியைப் பழியாதீர்!