வாப்பா பார்க்காத டோஹா

வெளிநாடு போய் வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "என்னென்ன பார்த்தீங்க?" என்பதைத்தான். அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பது என் கருத்து.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உம்மா, தம்பி, நான் மூவரும் வாப்பாவிடம் கட்டார் போனோம். வாப்பா பன்னிரண்டு வருடமாக அங்கே ஒரு கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர். டோஹாவில் நஜ்மாப் பகுதியில் ஓர் அறை எடுத்து மூன்று மாதம் இருந்தோம்.

கோடை காலம். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. வெயில் தாழ்ந்த பிறகே ஊர் பார்க்கப் புறப்படுவோம். சூக் வாகிஃப் சந்தையின் மசாலா வாசமும், கோர்னிஷ் கரையில் கட்டிக் கிடக்கும் மர வள்ளங்களும் மறக்க முடியாதவை. என்னை மிகவும் கவர்ந்தது 2008இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை நூதனசாலை. கரையோரம் செயற்கையாக அமைத்த தீவில் அது நிற்கிறது. அதை வடிவமைத்த ஐ. எம். பெய், கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலில் உள்ள வுழூ மண்டபத்தைப் பார்த்தே இந்த வடிவத்தைக் கண்டடைந்தாராம். உள்ளே பழைய குர்ஆன் பிரதிகளும், நட்சத்திரங்களைக் கொண்டு நேரம் கணிக்கும் அஸ்தர்லாபுகளும் இருந்தன.

"இதுல உங்களுக்கு ஆகப் பிடிச்சது எது வாப்பா?" என்று கேட்டேன்.

"நானும் இன்டைக்குத்தான் மகள் உள்ளுக்கு வாறேன்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் அவருக்கு லீவு. உடுப்புக் கழுவி, ஜும்ஆவுக்குப் போய், எங்களோடு தொலைபேசியில் பேசி முடிய அந்த நாளும் முடிந்துவிடும்.

ஆனால் அந்த நகரத்தை வாப்பா அறிந்த அளவுக்கு நான் அறியவில்லை. எந்தக் கடையில் வெங்காயம் மலிவு, ஊருக்குக் காசு அனுப்ப எந்த நாள் நல்லது, கோடையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருப்பதால் கட்டடத் தொழிலாளர் எத்தனை மணிக்கே எழும்புகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் பார்த்தது கட்டடங்களை. அவர் பார்த்தது அங்கே வாழும் மனிதர்களை.

1344இல் இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கினார். அவர் 'பந்தர் சலாவாத்' என்று குறிப்பிடும் சின்ன ஊர் நமது சிலாபம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் தமது பயண நூலைத் தம் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸைய் என்பவர் எழுதினார். அதனால்தான் நம் ஊரைப் பற்றிய அந்தச் சில வரிகளும் இன்றுவரை மிஞ்சியிருக்கின்றன.

நம் வாப்பாமார், நானாமார், வீட்டு வேலைக்குப் போன உம்மாமார் எத்தனையோ பேர் குவைத்திலும் ரியாத்திலும் டோஹாவிலும் வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில் வீடு கட்டினோம், படித்தோம். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை யாரும் எழுதி வைக்கவில்லை.

தோழியரே, அடுத்த லீவுக்கு அவர்கள் வரும்போது சொக்லட்டுப் பெட்டியைத் திறக்க முன் ஒரு கொப்பியைத் திறவுங்கள். பெற்றோரே, "அதில சொல்ல என்ன இருக்கு?" என்று ஒதுக்காமல் சொல்லுங்கள். நான் தொடங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் வாப்பா தொலைபேசியில் சொல்கிறார், நான் எழுதுகிறேன். இதுவரை பதினொரு பக்கம் வந்திருக்கிறது. இன்னும் அவருடைய முதல் வருடமே முடியவில்லை.