அப்பாவின் ஹெல்மெட்

போர்முலா வன் பற்றிக் கதை தொடங்கினால் எங்களுக்குள் யாராவது ஒருத்தர் கட்டாயம் இதைச் சொல்லுவினம்: “எல்லாம் வாரிசுகள்தானே மச்சான், அப்பன்ட பேர் இருந்தா ஆரும் ஓடலாம்.” சொல்லுறதில நியாயம் இல்லாமலும் இல்லை. மக்ஸ் வெர்ஸ்டப்பனின் அப்பாவும் போர்முலா வன் ஓட்டியவர், அம்மா கார்ட் பந்தயக்காரி. நிக்கோ ரொஸ்பேர்க்கின் அப்பா 1982இல் உலகச் சம்பியன். ஆனால் “வாரிசு” எண்ட ஒற்றைச் சொல்லோடு கதையை முடிக்கிறதில எங்களுக்கு உடன்பாடில்லை. டேமன் ஹில்லின் கதைதான் அதற்குக் காரணம்.

டேமனின் அப்பா கிரஹாம் ஹில் 1962, 1968 ஆகிய ஆண்டுகளில் உலகச் சம்பியன். மொனாக்கோவில் மட்டும் 5 தடவை வென்றவர். 1975 நவம்பர் 29ஆம் திகதி, தானே ஓட்டிவந்த சிறிய விமானம் லண்டனுக்கு அருகே பனிமூட்டத்தில் விழுந்து இறந்துபோனார். அவரது அணியைச் சேர்ந்த 5 பேரும் அதோடு போனார்கள். அப்போது டேமனுக்கு வயது 15.

விமானத்தின் பத்திரங்கள் ஒழுங்காக இல்லாததால் காப்புறுதி செல்லாமல் போனது. இறந்தவர்களின் குடும்பங்கள் இழப்பீடு கேட்டன. கேட்கத்தான் வேணும், அவையும் தகப்பனை, பிள்ளையை இழந்த குடும்பங்கள். ஹில் குடும்பத்தின் வசதி அத்தோடு கரைந்தது. ஆக, டேமனுக்குச் சொத்தாகக் கிடைத்தது ஒரு பெயர், ஒரு துக்கம், ஒரு கடன்.

அவர் கூலி வேலை செய்தார், மோட்டார் சைக்கிளில் கூரியர் கொண்டுபோனார். முதலில் ஓடியதும் மோட்டார் சைக்கிள் பந்தயம்தான். போர்முலா வன்னில் முதன்முதலாகப் பந்தயம் ஓடியபோது வயது 31. இப்ப அந்த வயதில் கன பேர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவினம். 1992இல் பிரபம் அணியோடு 8 தடவை முயன்று 2 பந்தயங்களுக்கு மட்டுமே தகுதி பெற்றார்.

1994 மே 1ஆம் திகதி இமோலாவில் ஐர்டன் சென்னா இறந்தார். வில்லியம்ஸ் அணியின் முழுப் பாரமும் டேமனின் தோளில் விழுந்தது. அதே மாதக் கடைசியில் ஸ்பெயினில் அவர் வென்றார். 1968இல் ஜிம் கிளார்க் இறந்த பிறகு, லோட்டஸ் அணிக்காக கிரஹாம் வென்றதும் ஸ்பெயினில்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே வேலைதான் வந்து சேர்ந்திருக்கிறது: செத்துப்போன சகாவின் இடத்தில் நின்று அணியைத் தூக்கி நிறுத்துறது. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தில், அடிலெய்டில் ஷூமாக்கரின் கார் மோதியதால் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போனது. 1996இல் சுசுகாவில் அது கைக்கு வந்தது. உலகச் சம்பியன் ஒருவரின் பிள்ளை உலகச் சம்பியனானது அதுதான் முதல் தடவை. ஆனால் அடுத்த ஆண்டுக்கு அவர் வேண்டாம் என்று வில்லியம்ஸ் அதற்கு முன்னமே முடிவெடுத்திருந்தது. பெயர் கதவைத் திறக்கும், உள்ளே கதிரை போட்டுத் தராது.

அதுக்காக அந்தக் கதவை மறக்கவும் ஏலாது. பிந்தித் தொடங்கிய, காசில்லாத ஒரு பொடியனைத் திரும்பிப் பார்க்க வைத்ததே “ஹில்” எண்ட பெயர்தான். அதே கூரியர் வேலை செய்த வேறொரு பொடியனுக்கு யார் ஸ்பொன்சர் குடுத்திருப்பினம்? லூயிஸ் ஹமில்டனின் தகப்பன் மகனின் கார்ட் செலவுக்காகப் பல வேலைகள் செய்தார். பிறகு மக்லரன் அணி கைகொடுத்தது. அப்படியொரு கை நீளாத பிள்ளைகளின் பெயர்கள் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

டேமனின் ஹெல்மெட்டில் கடும் நீல நிறத்தில் வெள்ளைத் துடுப்புகள் இருக்கும். அப்பாவின் ஹெல்மெட்டிலும் அதேதான். கிரஹாம் லண்டன் படகோட்டக் கழகத்தில் துடுப்பு வலித்த காலத்து அடையாளம். அதைப் போடுறவன் ஒவ்வொரு பந்தயத்திலும் அப்பாவோடு ஒப்பிடப்படுவான் எண்டு தெரிந்தும் அவர் அதைப் போட்டார்.

வாரிசுகளைத் திட்டுறது லேசு. அவர்களின் உழைப்பை மதித்துக்கொண்டே, அந்தப் பெயர் இல்லாதவர்களுக்கு ஏன் கதவு பூட்டியே கிடக்குது எண்டு கேட்கிறதுதான் கஷ்டம். அடுத்த முறை சண்டை பிடிக்கும்போது நாங்கள் அதிலிருந்து தொடங்குவம்.