ஆயில்யத்துக் குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் கிடையாதாம்!

ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் கிடையாது! நாம் சொல்லவில்லை, பஞ்சாங்கம் சொல்லுகிறது. இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து என 108 எழுத்துக்களைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஆயில்யத்தின் பங்குக்கு வந்தவை டி, டு, டே, டோ. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பூரத்துக்குரிய நான்கில் மூன்றும் அந்த டகரமே. திருவாதிரையின் பங்கில் ‘ங’ ஒன்று! ஙகரத்தில் தொடங்கும் பெயரை எந்தப் பாட்டனாவது தன் பேரனுக்கு இட்டு அழைத்ததுண்டா? தமிழ் நாவை எண்ணிப் பார்த்துச் செய்த பங்கீடன்று இது. வேறொரு மொழியின் ஒலிக்கென்று தைத்த சட்டை. அதை நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பச்சிளங் குழந்தைக்கு மாட்டிவிட்டு, “ஆகா, என்ன பொருத்தம்!” என்று பூரிக்கிறோம்!

பிள்ளை பிறந்த வீட்டிலே இன்று நடப்பது பெயர் வேட்டை. ஊரில் யாரும் வைக்காத பெயராக இருக்க வேண்டுமாம். கேட்டவர் ஒரு கணம் மயங்க வேண்டுமாம். சோதிடர் குறித்த எழுத்திலும் தொடங்க வேண்டுமாம். வேட்டை முடிந்து வீடு திரும்பும்போது கையில் இருப்பது என்ன? ஹர்ஷித், தர்ஷித், ரித்திஷ், தன்ஷிகா, ஹன்ஷிகா! புதுமை என்று தேடிக் கொண்டுவந்த பெயருக்குரிய பிள்ளைகள் பள்ளியில் ஒரே வகுப்பில் நால்வர் ஐவராய் எழுந்து நிற்கிறார்கள். பொருள் என்ன என்று தந்தையைக் கேட்டால் தாயைப் பார்க்கிறார். தாயைக் கேட்டால் “நல்லா இருக்குன்னு வச்சோம்” என்கிறார். குழந்தையின் பாட்டிக்கோ அந்தப் பெயர் வாயில் நுழைவதே இல்லை. பெற்ற பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் “ஏ குட்டி” என்று அழைத்துக்கொண்டிருக்கிறாள் கிழவி.

அரிய பெயர், அழகிய பெயர் வேண்டும் என்ற ஆசையை நாம் எள்ளி நகையாடவில்லை. அது தன்மான ஆசை! அந்த ஆசையை நினைக்கவும் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்? மனுநூலைப் புரட்டுங்கள், இரண்டாம் அத்தியாயம், 31-ஆம் சுலோகம். பார்ப்பனன் பெயர் மங்கலத்தைக் காட்ட வேண்டும், சத்திரியன் பெயர் வலிமையைக் காட்ட வேண்டும், வைசியன் பெயர் செல்வத்தைக் காட்ட வேண்டும், சூத்திரன் பெயரோ இழிவைக் காட்ட வேண்டும் என்கிறது அது. அடுத்த சுலோகம் அதோடும் விடவில்லை. சூத்திரன் பெயரில் ஏவல் தொனிக்க வேண்டுமாம். நிலத்தைப் பறிப்பது ஒரு கொடுமை, கல்வியைப் பறிப்பது ஒரு கொடுமை. பிறந்த பிள்ளையின் காதில் முதன்முதல் விழும் சொல்லிலேயே “நீ இழிந்தவன்” என்று எழுதிவைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்த வேலையை நம் ஊர்கள் செவ்வனே செய்து முடித்தன. மண்ணாங்கட்டி, குப்பன், பிச்சை, அமாவாசை! பிறந்த பிள்ளைகள் நிலைக்காத வீட்டிலே, அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயரிட்ட தாயின் அச்சமும் இதிலே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சேரியிலே ஒரு தகப்பன் துணிந்து நல்ல பெயர் ஒன்றைச் சூட்டினாலும் ஊர்த்தெரு அதை முழுமையாக அழைத்ததா? பெயரின் வாலை ஒடித்து, ‘டா’ போட்டு, எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுச் சிறுவன் கூப்பிட்டான். “உனக்கு எதற்கடா இந்தப் பெயர்?” என்ற கேள்வியும் கூடவே வந்தது. பெண் மக்களின் கதை இன்னும் கொடிது. அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால் ‘போதும்பொண்ணு’. சில ஊர்களில் ‘வேண்டாம்’ என்றே பெயர்! பள்ளி வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் ஆசிரியர் “வேண்டாம்” என்று அழைக்க, “உள்ளேன் ஐயா” என்று எழுந்து நின்ற சிறுமியின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

இப்படி இழிவை உதறி எழுந்த இனம் தன் பிள்ளையின் பெயரை யாரிடம் கேட்கிறது? மறுபடியும் பஞ்சாங்கக்காரரிடம்! அவர் போதாதென்று எண் சோதிடரிடம்!

இந்த எண் சோதிடத்தைச் சற்று உரசிப் பார்ப்போம். கீரோ என்ற புனைபெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் ஒருவர் பரப்பிய அட்டவணை; ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண். மகளுக்குக் ‘கயல்’ என்று அழகாகப் பெயரிட்டு அவரிடம் போங்கள். கே 2, ஏ 1, ஒய் 1, ஏ 1, எல் 3, கூட்டினால் 8. “ஐயோ, எட்டு சனியின் எண்!” என்பார். ஓர் ‘ஏ’யைக் கூடச் சேர்த்து எழுதச் சொல்லுவார், கூட்டுத்தொகை 9, தோஷம் தீர்ந்தது, தட்சணை வை! ஆனால் பெயர் என்ன ஆயிற்று? கயல் காயல் ஆயிற்று. மீன் கேட்டவளுக்கு உப்பங்கழி கிடைத்தது! தமிழில் எழுதினால் இந்தக் கணக்கே எழாது என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஐ, ஜே என்பவை தனித்தனி எழுத்துக்களாகப் பிரிந்தே சில நூற்றாண்டுகள்தாம் ஆகின்றன. அதுவரை சனிக்கோள் எந்த எழுத்தைக் கூட்டிக் கணக்குப் பார்த்ததோ!

வெளியாரை மட்டும் சொல்லுவானேன்? மேடையிலே பகுத்தறிவு, தொட்டிலிலே பஞ்சாங்கம் என்று வாழும் வீடுகள் நம் முகாமிலும் உண்டு. “வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகக்கூடாதே” என்பது அவர்கள் வைத்திருக்கும் சமாதானம். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டி எறிவோம் என்று தீர்மானித்தபோது பெரியவர்கள் மனம் நோகவில்லையா? வேதாசலம் 1916-இல் மறைமலை ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் வீடுகளிலும் பெரியவர்கள் இருந்தார்கள்.

“உங்கள் தலைவர் மகனுக்கு உருசியப் பெயர் வைக்கவில்லையா?” என்று மடக்குவார் சிலர். வைத்தார். 1953 மார்ச் 5-ஆம் நாள் சோவியத்துத் தலைவர் மறைந்தார். அதற்கு நான்கு நாள் முன் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார் கலைஞர். எந்த நட்சத்திரம் அந்த எழுத்தைக் கேட்டது? ஏன் வைத்தேன் என்று அவரால் எந்த மேடையிலும் சொல்ல முடிந்தது. அந்த விடை இருக்கிறதா என்பதே நம் கேள்வி. பெயர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதல்ல.

அரிய பெயரா வேண்டும்? சங்கப் புலவர் பட்டியலைத் திறந்தால் போதும். அள்ளூரிலிருந்து பாடியவள் நன்முல்லை! மதுரையில் நல்வெள்ளி, கச்சிப்பேட்டில் நன்னாகை, மாறோக்கத்தில் நப்பசலை. ஒக்கூரில் மாசாத்தி. ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தி. பொன்முடி என்று ஒரு பெண்பாற் புலவர். இன்று அதை ஆண்பிள்ளைக்கு இடுகிறோம், இருக்கட்டும். குறமகள் இளவெயினி என்று குறவர் குடியைப் பெயரிலேயே தாங்கியவள் பாடினாள். வெண்ணியில் மட்கலம் வனைந்த குடியைச் சேர்ந்த குயத்தி கரிகாலனையே நேர்நின்று பாடினாள். பிறந்த குடி ஏளனத்துக்குரியதாகவில்லை அங்கே. ஆண்பிள்ளைக்கு எழினி, நள்ளி, குமணன், ஓரி, கீரன், பூங்குன்றன் என எத்தனை! 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையிலே, பானை ஓட்டில் கீறிய பெயர்கள் இருக்கின்றன: குவிரன், ஆதன். மண்ணுக்கடியில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கிடந்து வெளிவந்த ‘ஆதன்’ என்ற மூன்றெழுத்தைவிட அரிதான பெயரை எந்தச் சோதிடர் தரப்போகிறார்? எந்தப் பாட்டியின் நாக்கு அதிலே தடுக்கப் போகிறது?

நல்ல நேரம் தவறிவிடும் என்று அவசரப்படவும் வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்திப் பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். ஆயில்யத்தில் மகள் பிறந்திருக்கிறாளா? கணவனும் மனைவியும் அமர்ந்து, பாட்டியையும் கூப்பிட்டு, பத்துப் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லோர் வாயிலும் இனிக்கிற ஒன்றைத் தேர்ந்துகொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். ‘ட’வும் வேண்டாம், ‘ஷ’வும் வேண்டாம், நன்முல்லை என்று எழுதச் சொல்லுங்கள்.