சிறு வாடகை வீட்டுக்குச் சிறு கடன்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கடலூர் முதுநகரின் உள்தெருக்களில் பழைய ஓட்டு வீடோ, தளம் போட்ட சிறு வீடோ விலைக்கு வந்தால், அதே தெருவில் இருப்பவரே வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறார். ஐந்து லட்சம் கடன் கேட்டால் வங்கிகள் முகம் கொடுப்பதில்லை. வக்கீல் கருத்து, மதிப்பீடு, பத்திர அடமானப் பதிவு என்று ஐம்பது லட்சக் கடனுக்கு ஆகும் வேலை இதற்கும் ஆகும். வட்டி வரவோ பத்தில் ஒரு பங்கு. குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற அளவில்தான் அது முன்னுரிமைக் கடனாகவும் கணக்கில் சேரும். கடைசியில் வீட்டு நகை அடகுக்குப் போகிறது, அல்லது வாங்கிய வீட்டையே போக்கியத்துக்கு விட்டுப் பணம் புரட்ட வேண்டியிருக்கிறது.

பத்து லட்சத்துக்கு மேற்படாத இரண்டாவது வீட்டுக்கு, வாடகைக்கு விடும் நோக்கத்தை மறைக்காமல் கேட்பவருக்கு, வங்கிகளும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும் கடன் தர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. ஆனால் 90 சதவீதம் வரை தரலாம் என்ற ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாதாடவில்லை. மாத வாடகை 5,000 ரூபாய் என்றால், 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுத் தவணை ஏறக்குறைய 4.9 லட்சம் கடனைத்தான் தாங்கும். கடனை வாடகையால் அளக்க வேண்டும். மீதிப் பணம் கையில் இல்லாதவர் அவசரப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பத்து லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு முத்திரைத்தாள், பதிவுச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. தமிழ்நாட்டில் அது 9 சதவீதம். எட்டு லட்ச வீட்டுக்கு 72,000 ரூபாய். பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதைக் கிளைகள் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும்.

2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட ஊர் இது. கட்டடம் பழசு என்று திருப்பி அனுப்பாமல், ஓடு மாற்றவும் தரையை உயர்த்தவும் ஆகும் செலவைக் கடனிலேயே சேர்க்கலாம். வெள்ளம் ஏறிய அளவு மதிப்பீட்டில் எழுதப்பட வேண்டும். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை நம்பி வாடகைக்கு ஆள் கிடைக்கும்தான். ஆனாலும் கோயில் அடிமனையில் நிற்கும் வீட்டுக்கு இந்தக் கடனை நாங்கள் கேட்கவில்லை. மண் விற்பவருடையது அல்ல.

மூன்றாவது வீட்டுக்கும் சலுகை கேட்கவில்லை. அது பிழைப்பைத் தாண்டித் தொழிலாகிவிடுகிறது; வணிகக் கடனாகவே இருக்கட்டும். இரண்டாவது வீட்டுக்கான கடனை மாவட்ட முன்னோடி வங்கி அடுத்த ஆண்டுக் கடன் திட்டத்தில் தனி இனமாகக் காட்ட வேண்டும் என்று கோருகிறோம்.